நாற்பத்தொன்றாம் வீடு

மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கு நானும் உன் அண்ணியும் சுகம். என் சர்க்கரை அளவு மருத்துவர் விரும்புவதைவிடச் சற்று மேலேயும் நான் அஞ்சியதைவிடச் சற்றுக் கீழேயும் நிற்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே? அவருடைய முதுகுவலி எப்படி இருக்கிறது?

போன கடிதத்தோடு நீ இணைத்திருந்த நகராட்சி அறிவிப்பை மூன்று முறை படித்தேன். நம் தெருவின் பெரிய குடிநீர்க் குழாய் மாற்றப்படுவதில் எனக்குக் குறையில்லை. அறுபது ஆண்டு உழைத்த வார்ப்பிரும்புக்கு ஓய்வு நியாயமானதே. ஆனால் இந்த அறிவிப்பை எழுதியவர் யாரோ, அவர் வாழ்நாளில் ஒரு குழாயைத் திறந்து பார்த்தவராகத் தெரியவில்லை. இன்ன நாளில் நீர் நிற்கும் என்கிறார். தேவையானதைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறார். ‘குழாய்களை மூடி வைக்கவும்’ என்ற மூன்று சொற்கள் எங்கே? நீர் நின்ற வீட்டில் ஒருவர் குழாயைத் திருகிப் பார்ப்பார். வராது. திருகியதை மறந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார். நீர் திரும்பி வரும். பிறகு என்ன ஆகும் என்பதை நம் குடும்பத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தாளைத் திருப்பினேன். வேலை முடிந்ததும் நீர்த்தொட்டி வாசலில் ஒரு கல் பதிக்கப்படுமாம். முதல் குழாய் இட்ட நாள் முதல் நம் பகுதியின் வால்வுச் சாவியை வைத்திருந்த ஒன்பது பேரின் பெயர்களை அதில் வெட்டுவார்களாம். நல்ல எண்ணம். நான்காவது பெயர் அப்பாவுடையது. மற்ற எட்டுப் பெயர்களுக்கு எதிரே ‘ஓய்வு’ என்றோ ‘மாறுதல்’ என்றோ இருக்கிறது. அப்பாவின் பெயருக்கு எதிரே மட்டும், ‘கடமை தவறியமையால் சாவி பறிக்கப்பட்டது.’

பத்தொன்பது ஆண்டுகள் ஒரு மனிதர் அந்த ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் சுமந்ததைக் கல்லில் சொல்ல இந்த ஒரு வரி போதும் என்று ஓர் அலுவலகம் முடிவு செய்திருக்கிறது. கத்திக் கோபப்படும் வயதை நான் கடந்துவிட்டேன். எழுத மட்டும் செய்வேன். ஆட்சேபணைகளை ஜூலை 31-க்குள் எழுத்தில் தரலாமாம். என் மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ வேலை செய்யும் அலுவலகம்தானே, உரியவர் கையில் சேர்த்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கு.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. வெயிலில் அலையாதே.

அன்புடன்,
அண்ணன்

*

மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் மாப்பிள்ளைக்கு முதுகுவலி இப்போது முழங்காலுக்கு இறங்கிவிட்டது. பதவி இறக்கம் என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். அண்ணியின் இருமல் தேவலையா? நீ இனிப்பை விட்டுவிட்டதாக எழுதவில்லை, கவனித்தேன்.

வாழ்நாளில் ஒரு குழாயைத் திறந்து பார்க்காத ஆள் நான்தான் அண்ணா. ஜனவரியில் என்னைப் பிறப்பு இறப்புப் பிரிவிலிருந்து குடிநீர்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்தது நான். நீ கேட்ட மூன்று சொற்களையும் போட்டுத்தான் மேலே அனுப்பினேன். கீழே வரும்போது அவற்றைக் காணோம். “இதுகூடவாம்மா ஜனங்களுக்குச் சொல்லணும்?” என்றார் மேலாளர். அடுத்த அறிவிப்பில் தடித்த எழுத்தில் போட்டுவிடுகிறேன். பின்பக்கம் நான் அடித்ததல்ல. பழைய பதிவேட்டில் இருந்ததை அப்படியே எடுத்து அச்சுக்குக் கொடுத்துவிட்டார்கள். அச்சாகி வந்தபோதுதான் பார்த்தேன். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

போனில் பேசலாமே என்று உன் மாப்பிள்ளை கேட்டார். நீ குரலை உயர்த்தாமல் கோபப்படுவதைக் காதால் கேட்பதைவிடக் கண்ணால் படிப்பது எனக்குச் சுலபம் என்றேன்.

தெருவை மேல்முனையிலிருந்து தோண்டிக்கொண்டு வருகிறார்கள். பன்னிரண்டாம் நம்பர் வாசலில் பழைய குழாயில் ஒரு துண்டை வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். உள்ளே துரு ஏறி ஏறி என் கைவிரல் மூன்று நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. இது வழியாகவா அத்தனை பேரும் குளித்துத் துவைத்துப் பள்ளிக்கூடம் போனோம் என்று இருந்தது. அந்த வீட்டில் காது கேட்காத அம்மா ஒருவர் இருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? எல்லா வாசலிலும் சாவியால் மூன்று தட்டு தட்டி, “நாளைக்குத் தண்ணி நிக்கும், பிடிச்சு வச்சுக்குங்க, குழாயை மூடி வச்சுக்குங்க” என்று சொல்லும் அப்பா, அந்த வீட்டில் மட்டும் உள்ளே போய் அவருடைய காலி வாளியை எடுத்துக் குழாயடியில் வைத்துவிட்டு வருவார். வாளி இடம் மாறியிருந்தால் நாளைக்குத் தண்ணீர் இல்லை என்று அவருக்குப் புரிந்துவிடும்.

மனுவைக் கொடுத்துக் கையொப்பம் வாங்கிவிட்டேன். கொடுக்கும் முன் படித்தேன். ‘எங்கள் தந்தை அன்றும் வழக்கம்போல வீடு வீடாகச் சென்று அறிவித்தார்’ என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு அப்பாவுக்குக் காய்ச்சல் என்று எனக்கு ஒரு ஞாபகம். துணியை நனைத்து நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அது வேறு ஏதோ ஒரு நாளாகவும் இருக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
தங்கை

*

ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணியின் இருமல் தணிந்துவிட்டது. நானும் நன்றாகவே இருக்கிறேன். மாப்பிள்ளையின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அந்தக் காது கேளாத அம்மாவை நான் மறக்கவில்லை. அப்பாவோடு நடந்த எதையும் மறக்கவில்லை. தெருமுனை வால்வைத் திறக்கப் பதினேழரைச் சுற்று வேண்டும். பதினேழோடு நிறுத்தினால் கீழ்முனை வீடுகளின் மாடிக்கு நீர் ஏறாது. பதினெட்டுக்குப் போனால் மேல்முனையில் பழைய இணைப்புகள் கசியும். அந்த அரைச் சுற்று எந்த வரைபடத்திலும் இல்லை. அப்பாவின் மணிக்கட்டில் இருந்தது. திறந்த பிறகு சாவியை எடுக்காமல் அதன் இரும்புக் கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பார். “முப்பத்தஞ்சாம் நம்பர்ல தொட்டி நிறையுது, மூடாம போயிட்டாங்க” என்பார். ஓடிப்போய்ப் பார்ப்பேன். நிறைந்து வழிந்துகொண்டிருக்கும். இருபத்தேழு ஆண்டுகளாக மாணவர்களுக்குக் குழாய்களில் நீர் ஓடும் விதத்தைக் கற்பிக்கிறேன். என் ஆய்வுக்கூடத்தில் உள்ள எந்தக் கருவியும் அந்தக் காதுக்கு ஈடில்லை.

அலுவலகம் சுவரில் ஒட்டச் சொல்லிக் கொடுக்கும் தாள்களையும் ஒட்டுவார். ஆனால் அவற்றை நம்ப மாட்டார். “ஒட்டினது சுவத்துக்குத்தான் தெரியும். மனுஷனுக்கு வாயால சொல்லணும்” என்பார். நம் வீட்டைச் சேர்க்காமல் நாற்பத்தொரு வாசல். ஒருமுறைகூட ஒரு வாசலைத் தாண்டிப் போனதில்லை. அப்படிப்பட்டவரை, சாட்சி எவரையும் விசாரிக்காமல், நான்கு வரி உத்தரவில் குற்றவாளியாக்கி, ஊருக்கு வெளியே வடிகட்டும் தொட்டியில் மணல் அலசும் வேலைக்கு அனுப்பினார்கள். பணி ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். அந்த விசாரணை ஒரு விசாரணையே அல்ல என்பதுதான் என் வாதம். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த அலுவலகம் அதைத் தலைகுனிந்து ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது கல்லில் வேறு வெட்டப் பார்க்கிறது.

கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்.

அன்புடன்,
அண்ணன்

*

ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? நாங்கள் சுகம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் கொடுத்தபடியே தூங்கிவிடுகிறார் உன் மாப்பிள்ளை. அதுவே பாதி மருந்து.

உன் மனுவைப் பொறியாளர் படித்துவிட்டார். சின்னப் பெண். மரியாதையான பெண். உட்காரவைத்துத்தான் பேசினாள். அந்த வரியை நீக்கத் தனக்கும் விருப்பம்தான் என்றாள். ஆனால் அந்தத் தண்டனை ஒரு வீட்டார் கொடுத்த புகாரின் பேரில் வந்தது. அந்த வீட்டார் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் வரியை எடுத்துவிடலாமாம். “அது இல்லாம நான் எடுத்தா, நாளைக்கு என்னை எடுத்துடுவாங்க மேடம்” என்றாள்.

புகார் கொடுத்த, புத்தகம் தைக்கும் பைண்டர் ஐயா போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. அவர் மகள் மட்டும் கீழ்முனையில் அந்தக் கடைசி வீட்டில் இருக்கிறார். உன்னோடு படித்தவர்தானே? நகராட்சி நூலகத்தில் நூலகராக இருக்கிறார். வாரத்தில் இரண்டு நாளாவது பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் “உங்க அண்ணன் எப்படி இருக்கான்?” என்பார். நான் “நல்லா இருக்கான்க்கா” என்பேன். அதற்குமேல் பேச்சு போகாது. நான் போய்க் கேட்கட்டுமா?

ஒன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். இப்போது தெருவெல்லாம் பள்ளமாக இருப்பதால் பஸ்ஸைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள், அதனால் நினைவு வந்தது. நம் வீட்டுக்குக் கீழ்முனை நிறுத்தம்தானே பக்கம்? ஏழு வீடு நடந்தால் போதும். அப்பாவின் காரியத்துக்கு வந்தபோதும், என் கல்யாணத்துக்கு வந்தபோதும், எப்போது வந்தாலும் நீ மேல்முனையில் இறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெரு முழுவதும் நடந்தே வருகிறாயே, ஏன்?

இன்னொன்று. மனுவையும் கடிதங்களையும் மறுபடி படித்தேன். அலுவலகத்தைத்தான் திட்டியிருக்கிறாய். பைண்டர் பொய் சொன்னார் என்று ஓரிடத்திலும் நீ எழுதவில்லை.

உன்,
தங்கை

*

ஏப்ரல் 27

தங்கைக்கு,

நலம். அங்கும் அவ்வாறே என எண்ணுகிறேன்.

அந்த வீட்டுக்குப் போக வேண்டாம். ஓர் அலுவலகம் தான் செய்த பிழையைத் திருத்த வெளியார் ஒருவரின் கையெழுத்தை எதிர்பார்ப்பது கோழைத்தனம். மேல்முறையீட்டை நான் நேரடியாக ஆணையருக்கே எழுதிக்கொள்கிறேன். இதில் அவர்களை இழுக்கத் தேவையில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

மே 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே சுகம். அங்கே எல்லாரும் சுகமா என்று நான் கேட்பது சடங்குக்காக இல்லை. போன கடிதத்தில் உன் கையெழுத்து சாய்ந்திருந்தது.

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே நான் போய்விட்டு வந்துவிட்டேன். நீ சரி என்றுதான் சொல்வாய் என்று நினைத்தேன்.

நான் அந்த வீட்டுக்குள் போய் எத்தனை வருஷம் ஆகிறது. கீழே பைண்டிங் அறை அப்படியே இருக்கிறது. தையல் சட்டம், அழுத்துகிற இரும்பு, பசைச் சட்டி எல்லாமே இருக்கிறது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. “எத்தனை தடவை வெள்ளையடிச்சாலும் அது திரும்பி வந்துடும்” என்றார் அக்கா. அன்று ஊர் நூலகத்தின் அறுநூறு புத்தகங்கள் பைண்டிங்குக்காகத் தரையில் அடுக்கி இருந்தனவாம். பசைத் தூரிகையைக் கழுவக் குழாயைத் திருகியிருக்கிறார் பைண்டர் ஐயா. தண்ணீர் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் கதவைத் திறந்தபோது புத்தகங்கள் ரொட்டி மாதிரி ஊறிக் கிடந்தனவாம். நகராட்சியின் புத்தகங்கள். அதனால்தான் ஐயா எழுத்தில் புகார் கொடுக்க வேண்டி வந்ததாம். “எங்கப்பா உங்கப்பா மேல கோபப்பட்டு எழுதல” என்று இரண்டு முறை சொன்னார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா தேநீருக்குப் பாலை அடுப்பில் வைத்தார். அப்புறம் சொன்னார்: “தண்ணி நின்னதுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் மாடி ஜன்னல்ல நின்னுட்டிருந்தேன்.”

நான் அதற்குமேல் கேட்கவில்லை. தேநீர் குடித்தோம். கிளம்பும்போது, “கையெழுத்துதானே, போடறேன். ஆனா கேக்க வேண்டியவன் வந்து கேக்கட்டும். வாசல் வரைக்கும் வந்தாப் போதும்” என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. நான் எதையும் கூட்டிக் குறைத்து எழுதவில்லை.

உன்,
தங்கை

*

ஜூலை 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் எழுதி எட்டு வாரமாகியும் உன்னிடமிருந்து வரி இல்லை. அண்ணியிடம் போனில் பேசினேன். “சாப்பிடறாரு, காலேஜுக்குப் போறாரு, வர்றாரு, சாயங்காலம் பால்கனிக் குழாயையே பாத்துட்டு உக்காந்திருக்காரு” என்றார். அதனால் உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன்.

தெருவில் வேலை நம் வீட்டைத் தாண்டிவிட்டது. நீல நிறத்தில் புதுக் குழாய், பொம்மை மாதிரி லேசாக இருக்கிறது. இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டே தூக்கிப் போகிறார்கள். புது வால்வுகளுக்குச் சாவி தேவையில்லை, கைச்சக்கரம்தான்.

கோப்பு கிடைத்துவிட்டது. கீழ்த்தள அறையில், உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் இருந்தது. விசாரணை நடக்கவில்லை என்று எழுதினாயே அண்ணா, நடந்திருக்கிறது. விசாரிக்க வேண்டிய ஒரே ஆளை விசாரித்து, அவர் கையால் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அப்பாவின் கையெழுத்தைப் பார்த்ததும் அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன். வரிக்கு வரி எழுதுகிறேன்:

‘அறிவிக்கச் சென்றவன் நானே. நாற்பது வீடுகளுக்குச் சொன்னேன். நாற்பத்தொன்றாம் வீட்டை மறந்துவிட்டேன். தவறு என்னுடையது. இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. என் மகன் அன்று மாலை முழுவதும் வீட்டில் படித்துக்கொண்டிருந்தான்.’

கோப்பு முழுவதும் புரட்டினேன். உன்னைப் பற்றி யாரும் அப்பாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவர் ஏன் பதில் எழுதினார்?

எனக்கு ஒன்பது வயதுதான். ஆனால் துணியை நனைத்தது நான். அப்பா எழுந்து உட்காரக்கூட முடியாமல் படுத்திருந்ததைப் பார்த்தது நான். வாசலில் நீ சாவியைத் தோளில் ஏற்றும்போது அது நிலையில் இடித்த சத்தத்தைக் கேட்டதும் நான். இத்தனை வருஷமும் நீயாகச் சொல்வாய் என்றிருந்தேன். நீ சொல்லாவிட்டாலும் எனக்கு அண்ணன்தான்.

31-ஆம் தேதிக்கு இன்னும் இருபத்தைந்து நாள் இருக்கிறது.

உன்,
தங்கை

*

ஜூலை 14

அன்புத் தங்கைக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க வேண்டும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ வரிக்கு வரி எழுதியதற்கு நானும் வரிக்கு வரி எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அன்று அப்பாவால் எழ முடியவில்லை. “நீ போய்ச் சொல்லிட்டு வந்துடுப்பா, ஒரு வீடும் விடாதே” என்றார். சாவி என் உயரம் இருந்தது. நான் முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன். மூன்று தட்டு, அதே வார்த்தைகள். உள்ளிருந்து “கேட்டுச்சு சாவிக்காரரே” என்று குரல் வரும். வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். பன்னிரண்டாம் நம்பரில் வாளியை இடம் மாற்றி வைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. இருபது வீடுகள்வரை பிடித்திருந்தது.

அதற்கு ஒரு வாரத்துக்கு முன், பழைய பாடப்புத்தகம் ஒன்றைத் தைத்து வாங்கப் பைண்டரிடம் போயிருந்தேன். என் புத்தகங்களையெல்லாம் அவர்தான் மிச்ச அட்டையில் கட்டித் தருவார், ஒன்றும் வாங்கிக்கொள்ள மாட்டார். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்த செய்தியைச் சொன்னேன். ஊசியை நூலோடு பல்லில் கடித்துக்கொண்டு, “நீ எவ்வளவு வேணா படி தம்பி. கடைசியில சாவிதான் உன் தோள்ல வந்து உக்காரும், பாரு” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் தாள் மடித்துக்கொண்டிருந்த அவர் மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதுவும் கெட்ட சிரிப்பில்லை என்று இன்று தெரிகிறது. பதினேழு வயதில் தெரியவில்லை.

நாற்பதாம் வீட்டில் தட்டிச் சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். அடுத்தது அவர்கள் வீடு. என் தோளில் சாவி உட்கார்ந்திருந்தது. திரும்பி நடந்துவிட்டேன். “எல்லாருக்கும் சொல்லிட்டியா?” என்று அப்பா கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன்.

பிறகு நடந்ததெல்லாம் நடந்த பிறகு அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது என்று நினைத்து இரண்டு மாதங்கள் தூங்கினேன். கல்லூரிக்குக் கிளம்பிய காலையில் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா தெருவில் இறங்கினார். இறங்கி, கீழ்முனைக்குப் போகாமல் மேல்முனையை நோக்கி நடந்தார். “கீழ்முனைதானேப்பா பக்கம்?” என்றேன். “பரவாயில்ல. நீ இனிமே இந்தப் பக்கமே ஏறி இறங்கிக்கோ” என்றார். திரும்பிப் பார்க்காமல் சொன்னார். சாவி இல்லாத தோளில் என் பெட்டி இருந்தது.

நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

நகராட்சிக்கு இத்தனை ஆண்டுகளில் நான் எழுதிய மனுக்கள் பதினொன்று. ஒவ்வொன்றின் நகலும் என்னிடம் தேதி வாரியாக இருக்கிறது. நேற்று அவற்றை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். மொழியில் ஒரு பிழை இல்லை. ‘அலுவலகம்’ என்று எழுதிய ஒவ்வோர் இடத்திலும் ‘நான்’ என்று வைத்துப் படித்தால் ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாகிறது.

அண்ணன்

*

ஜூலை 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. இரண்டு முறை படித்துவிட்டு, உன் மாப்பிள்ளையிடம் கொடுக்காமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். இங்கே எல்லாரும் சுகம். நீ சாப்பிடு, தூங்கு. அண்ணியிடமும் சொல்லிவிடு. பால்கனிக் குழாயை நீ ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று பாவம் அவர் பிளம்பரைக் கூப்பிடப் போகிறார்.

அப்பா ஒருநாளும் உன்மேல் வருத்தமாக இருந்ததில்லை. மணல் அலசும் இடத்திலிருந்து வந்து கைகாலைக் கழுவிக்கொண்டே, “உங்கண்ணன் இப்ப எந்தப் பாடம் நடத்திட்டிருப்பான்?” என்று கேட்பார். எனக்கு என்ன தெரியும்? வாயில் வந்ததைச் சொல்வேன். ஏதோ கணக்குச் சரியாக வந்த மாதிரி தலையை ஆட்டிக்கொள்வார்.

இனி அலுவல் விஷயம். புதுக் குழாயோடு வீட்டு இணைப்புகளைச் சேர்க்க வரும் 30-ஆம் தேதி காலை ஆறு முதல் மாலை ஆறு வரை நம் தெருவுக்குத் தண்ணீர் நிற்கும். அறிவிப்பை நான்தான் அடித்தேன். ‘குழாய்களை மூடி வைக்கவும்’ தடித்த எழுத்தில் இருக்கிறது. இந்த முறை மேலே போனதும் அப்படியே கீழே வந்தது. எல்லாருடைய போனுக்கும் குறுஞ்செய்தியும் போகும்.

அது போதாது என்று எனக்குத் தோன்றியது. பழைய சாவி ஸ்டோரில் இரும்போடு இரும்பாகக் கிடந்தது. இனி எந்த வால்வுக்கும் பொருந்தாது. பொறியாளரிடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டு இரவல் வாங்கி வந்திருக்கிறேன். கைப்பிடி அப்பா காது வைத்த இடத்தில் மட்டும் வழவழப்பாக இருக்கிறது. கூடத்தில் சாத்தி வைத்திருக்கிறேன். உன் மாப்பிள்ளை தூக்கிப் பார்த்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

இருபத்தொன்பதாம் தேதிக்குள் எல்லா வீட்டுக்கும் வாயால் சொல்லிவிடுவேன். நாற்பது வீட்டுக்கு. கடைசி வீட்டுக்கு நான் சொல்லப் போவதில்லை. அந்த வீட்டுக்குக் குறுஞ்செய்தி போகாது. அக்கா அந்தப் பழைய போனை மாற்றவே மாட்டார். போன வாரம் நூலகத்தில் பார்த்தேன். “நம்ம பக்கம் தண்ணி என்னைக்கு நிக்குது?” என்று கேட்டார். “வந்து சொல்வாங்கக்கா” என்றேன்.

சரி என்றார். புத்தகத்துக்கு முத்திரை வைத்துக்கொண்டே, “அப்ப நான் கதவைத் திறந்தே வைக்கிறேன்” என்றார்.

உன்,
தங்கை

*

ஜூலை 24

அன்புத் தங்கைக்கு,

சுகம். உன் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் சட்டைகளை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

28-ஆம் தேதி இரவு வண்டியில் கிளம்புகிறேன். மறுநாள் மாலை நான்கு மணியளவில் அங்கு சேர்வேன். சாவியைக் கூடத்தில் வைக்க வேண்டாம். மாப்பிள்ளைக்குச் சிரமம் இல்லையென்றால் அதைத் தூக்கிக்கொண்டு என்னை அழைக்க வரச் சொல். பெட்டியை அவர் வாங்கிக்கொள்ளட்டும்.

கீழ்முனை நிறுத்தத்தில் இறங்குகிறேன்.

உன்,
அண்ணன்